மூன்று வருடம் கழித்து என்ன விலை போகும்? சொகுசு செடான் போட்டியின் கணக்கு

பெரிய சொகுசு செடான் ஒன்று அறிமுகமானால் பேச்செல்லாம் குதிரைத்திறன், திரையின் அளவு, சீட் மசாஜ் என்றே போகும். தயாரிப்பாளரின் கணக்குப் பிரிவில் முதலில் எழும் கேள்வி வேறு. 36 மாதம் ஓடித் திரும்பி வரும் நாளில் இந்த வண்டி என்ன விலைக்குப் போகும்? மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், பிஎம்டபிள்யூ 7 சீரிஸ், ஆடி ஏ8 ரக வண்டிகள் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பெரும்பாலும் லீஸ் (மாதத் தவணைக்கு ஓட்டி, காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது) வழியாகவோ கம்பெனிக் கணக்கிலோதான் கைமாறுகின்றன. அங்கே மீத மதிப்பு என்கிற அந்த ஒற்றை எண்தான் மாதத் தவணையைத் தீர்மானிக்கிறது. இந்தச் சந்தையில் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதை அந்த எண்ணை வைத்துப் படித்தால், விளம்பரத்தில் தெரியாத பல விஷயங்கள் பிடிபடும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். லீஸ் தவணையில் இரண்டு துண்டுகள் உண்டு: வண்டியின் மதிப்பில் தேய்கிற பகுதி, முடங்கிக் கிடக்கும் பணத்துக்கான வட்டி. முதல் வண்டியின் விலை 100 என்று வையுங்கள். மூன்று வருடம் கழித்து 48 தேறும். தேய்மானம் 52, 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1.44. இரண்டாவது வண்டியின் விலை 110. ஆனால் அது 58 சதவீத மதிப்பைத் தக்கவைக்கிறது, அதாவது 63.8. தேய்மானம் 46.2, மாதம் 1.28. வட்டிக்கு, அமெரிக்க லீஸ் முறையில் விலையையும் மீத மதிப்பையும் கூட்டி மணி ஃபேக்டர் என்கிற சிறிய எண்ணால் பெருக்குவார்கள். 0.002 என்றால் அது ஆண்டுக்கு 4.8 சதவீத வட்டிக்குச் சமம். முதல் வண்டிக்கு 148 பெருக்கல் 0.002, ஏறத்தாழ 0.30. இரண்டாவதற்கு 173.8 பெருக்கல் 0.002, ஏறத்தாழ 0.35. மொத்தத் தவணை முதல் வண்டிக்கு 1.74, இரண்டாவதற்கு 1.63. பத்து சதவீதம் விலை கூடிய வண்டி, மாதாமாதம் ஆறு சதவீதம் மலிவாக முடிகிறது.

மீத மதிப்பு குறைந்த தயாரிப்பாளர் என்ன செய்வார்? தன்னுடைய நிதிக் கிளையை விட்டு அந்த எண்ணை உயர்த்தி எழுதச் சொல்வார். சந்தை 48 என்றால் ஒப்பந்தத்தில் 55 என்று போடுவார்கள். தவணை இறங்கும், வண்டி விற்கும், அந்த மாத விற்பனைப் பட்டியல் அழகாக இருக்கும். மூன்று வருடம் கழித்து வண்டி திரும்பி வந்து ஏலத்தில் 48-க்குப் போகும்போது அந்த 7 கம்பெனியின் தலையில் விழும். 2008 நிதி நெருக்கடியில், திரும்பி வந்த லீஸ் வண்டிகளின் விலை வீழ்ச்சிக்காக பிஎம்டபிள்யூ பெரிய தொகை ஒதுக்க வேண்டி வந்தது இதனால்தான். செயற்கையாக மலிவாக்கிய வண்டிகள் ஒரே நேரத்தில் ஏலத்துக்கு வந்து குவிந்தால் விலை மேலும் இறங்கும். இறங்கிய விலை அடுத்த லீஸின் மீத மதிப்பைக் கீழே இழுக்கும். இந்தச் சுழலில் ஒருமுறை மாட்டிய மாடல் அதே தலைமுறையில் மீள்வது அபூர்வம்.

எல்எஸ் 400 எங்கே அடித்தது

1981-இல் அமெரிக்காவுக்குப் போகும் ஜப்பானியக் கார்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. எண்ணிக்கையைக் கூட்ட முடியாதென்றால் ஒவ்வொரு வண்டியின் மதிப்பையும் கூட்டத்தான் வேண்டும். 1983 ஆகஸ்டில் டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா, உலகின் சிறந்த காரோடு மோதக்கூடிய ஒன்றை நம்மால் செய்ய முடியுமா என்று கேட்டதில் தொடங்கியது, லெக்ஸஸ் என்ற புதிய பெயர்ப்பலகையில் எல்எஸ் 400 ஆக வந்த அந்தத் திட்டம். தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசுகி. சுமார் 450 முன்மாதிரி வண்டிகள் கட்டினார்கள். 1989 ஜனவரியில் டெட்ராய்டில் காட்டி, அதே ஆண்டு செப்டம்பரில் 35,000 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஜெர்மன் பெயர்ப்பலகையில் அந்தப் பணத்துக்கு ஒரு படி சிறிய வண்டிதான் கிடைக்கும்.

விலை மட்டுமே என்றால் அது சில மாத வியப்போடு முடிந்திருக்கும். சுசுகியின் அணுகுமுறைதான் இதில் ஊன்றிப் பார்க்க வேண்டியது: சத்தத்தையும் அதிர்வையும் பிறக்கும் இடத்திலேயே நிறுத்துவது. இன்ஜின், கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் நான்கையும் ஒரே நேர்கோட்டில் வைத்தார்கள். ஷாஃப்ட் கோணலாகச் சுழலும்போது ஜாயின்ட்டில் பிறக்கும் அதிர்வு அதனால் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. அதை மறைக்க ரப்பரும் தாரும் பூச வேண்டியதில்லை. காற்று எதிர்ப்புக் குணகம் 0.29. 4 லிட்டர் வி8 இருந்தும் அமெரிக்காவின் எரிபொருள் விரயத்துக்கான தனி வரியில் சிக்கவில்லை. எடை கூட்டாமல் அமைதி. எடை கூடாததால் எரிபொருள் சிக்கனம். சிக்கனத்தால் இன்ஜினுக்குச் சுமை குறைவு. ஒன்றின் பலன் அடுத்ததற்குப் போய்ச் சேரும்படி கட்டிய வண்டி அது.

1989 டிசம்பரில் ஒரு சோதனை வந்தது. பிரேக் லைட் வயரிங், க்ரூஸ் கன்ட்ரோல் தொடர்பாக விரல்விட்டு எண்ணக்கூடிய புகார்கள். கம்பெனி அதுவரை விற்ற சுமார் 8,000 வண்டிகளையும் திரும்ப அழைத்து, ஏறத்தாழ 20 நாளில் முடித்தது. வீட்டிலிருந்து வண்டியை எடுத்துப் போய், பழுது நீக்கி, கழுவி, டேங்க் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். இதை வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்துக்காட்டாகவே பலரும் சொல்வார்கள். கணக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது மீத மதிப்பைக் காத்த செலவு. புதிய பெயர்ப்பலகைக்குப் பழைய வண்டிச் சந்தையில் வரலாறே கிடையாது. முதல் வருடப் பேச்சுதான் மூன்றாம் வருட விலை. பிறகு 1990-களின் தொடக்கத்தில், லீஸ் முடிந்து வந்த வண்டிகளைச் சோதித்துக் கம்பெனி உத்தரவாதத்தோடு மறுபடி விற்கும் முறையையும் லெக்ஸஸ் முனைப்பாகப் பிடித்துக்கொண்டது. இன்று எல்லா சொகுசு பிராண்டுக்கும் அது அடிப்படை.

மறுபக்கம் ஜெர்மனியில் வேறொரு ஓட்டப்பந்தயம் நடந்தது. 1987-இல் பிஎம்டபிள்யூ 750ஐ, 5 லிட்டர் வி12-ஓடு வந்தது, 300 குதிரைத்திறன். மெர்சிடிஸ் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை. 1991-இல் வந்த டபிள்யூ 140 எஸ் கிளாஸில் 6 லிட்டர் வி12, 408 குதிரைத்திறன், இரட்டைக் கண்ணாடி ஜன்னல், கடைசி இழுவையைத் தானே இழுத்து மூடும் கதவு. எடை இரண்டு டன்னைத் தாண்டியது, திட்டச் செலவும் காலமும் எகிறின. கட்டுமானத்தில் இன்றும் மதிக்கத்தக்க வண்டி. ஆனால் எதிராளி எங்கிருந்து வருகிறான் என்பதைப் பார்க்காமல், பக்கத்து ஊர்க்காரனுக்குப் பதில் சொல்லக் கட்டியது. அந்தக் காலத்து மெர்சிடிஸ் இன்ஜின் வயர் ஹார்னஸ்களின் இன்சுலேஷன் வெப்பத்தில் உதிர்ந்து ஷார்ட் ஆன கதையைப் பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்றும் முதல் கேள்வியாகக் கேட்கிறார்கள்.

ஏர் சஸ்பென்ஷன்: விற்பனையில் பலம், எட்டாம் வருடத்தில் பலவீனம்

1978-இல் ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), 1980-81-இல் ஏர்பேக், 1995-இல் இஎஸ்பி (வண்டி சறுக்காமல் தடுப்பது), 1998-இல் ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை), 2013-இல் பல்பே இல்லாமல் முழுக்க எல்இடி என்று எஸ் கிளாஸ் வழியாகப் பரவிய விஷயங்களின் பட்டியல் நீளம். இவற்றை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ், இஎஸ்பி போன்றவை வயதானாலும் பெரிய செலவு வைப்பதில்லை. ஏர் சஸ்பென்ஷன், ஹைட்ராலிக் ஆக்டிவ் சஸ்பென்ஷன் போன்றவை முதல் உரிமையாளருக்குச் சுகத்தையும் இரண்டாவது, மூன்றாவது உரிமையாளருக்குப் பில்லையும் தருகின்றன. அந்தப் பில்லின் பயம்தான் பழைய வண்டியின் விலையில் முன்கூட்டியே கழிக்கப்படுகிறது.

ஏர் சஸ்பென்ஷன் கெடும் விதம் எல்லா பிராண்டிலும் ஒரே மாதிரி. காற்றுப் பையின் ரப்பர் கீழ்மடிப்பில் ஒவ்வொரு குலுங்கலுக்கும் மடிந்து விரிகிறது. எட்டுப் பத்து வருடத்தில் அங்கே மயிரிழை வெடிப்பு வரும். காற்று மெதுவாகக் கசியும். வண்டியின் உயரத்தைச் சரிசெய்ய கம்ப்ரஸர் அடிக்கடி ஓடும். விட்டுவிட்டு ஓடுவதற்கென்று செய்த கம்ப்ரஸர் அது. தொடர்ந்து ஓடினால் சூடேறி பிஸ்டன் ரிங் தேயும். கூடவே அதிலுள்ள ஈரம் உறிஞ்சும் டிரையர் நிறைந்துபோய், பைகளுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் வால்வ் பிளாக்குக்குள் தண்ணீர் போய் அரிக்கத் தொடங்கும். கம்ப்ரஸருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே ஒட்டிக்கொண்டால் வண்டி நின்ற பிறகும் கம்ப்ரஸர் ஓடித் தன்னையே எரித்துக்கொள்ளும். கடைசியில் செத்துப்போன கம்ப்ரஸர்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அதை மட்டும் மாற்றி, கசிவை அப்படியே விட்டால் புதிய கம்ப்ரஸரும் சில மாதத்தில் அதே வழியில் போகும். கம்ப்ரஸரை மாற்றும்போது ரிலேயையும் மாற்றுவது கட்டாயம்.

கசிவைக் கண்டுபிடிக்க பெரிய கருவி வேண்டாம். சமதளத்தில் மாலையில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் கதவைத் திறக்கும் முன்பே மறுபடி அளக்க வேண்டும். பல வண்டிகள் கதவைத் திறந்ததுமே உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிடும், அதன்பிறகு அளவுக்கு அர்த்தமில்லை. இரவுக் குளிரில் நான்கும் ஒரே அளவில் சில மில்லிமீட்டர் இறங்குவது இயல்பு. ஒரு மூலை மட்டும் 10 மி.மீ.-க்கு மேல் இறங்கியிருந்தால் அந்தக் காற்றுப் பையிலோ அதற்குப் போகும் குழாயிலோ கசிவு. ஒன்றுக்கு மேற்பட்ட மூலைகள் சேர்ந்து இறங்கினால் வால்வ் பிளாக்கைச் சந்தேகியுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரைக் கீழ்மடிப்பிலும் மேல் இணைப்பிலும் அடித்தால் குமிழ் காட்டிக் கொடுக்கும். ஒரு எச்சரிக்கை: காற்றில்லாத பையின் மேல் வண்டியின் எடையை இறக்கக் கூடாது. ஜாக்கியிலிருந்து இறக்கும் முன் பையில் காற்றேற்றாவிட்டால் ரப்பர் தப்பாக மடிந்து, புதிய பையே அன்றைக்கே கிழியும்.

இன்ஜின் பக்கத்திலும் இதே பாடம் உண்டு. பிஎம்டபிள்யூவின் என்63 வி8, டர்போ இரண்டையும் இன்ஜினின் வி பள்ளத்துக்குள்ளேயே வைத்தது. புகை போகும் பாதை குட்டையானது, டர்போ உடனுக்குடன் பதில் கொடுத்தது, இன்ஜின் அறையில் இடம் மிச்சமானது. ஆனால் வெப்பமெல்லாம் நடுவில் தேங்கியது. வால்வ் ஸ்டெம் சீல்கள் இறுகி ஆயில் குடிக்கத் தொடங்கின. பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் குழாய்களும் ரப்பரும் சீக்கிரம் நொறுங்கின. 2014 இறுதியில் ஆரம்பகால என்63 வண்டிகளுக்கென்று தனிப் பராமரிப்புத் திட்டத்தையே கம்பெனி அறிவித்தது. அதே அமைப்பைப் பின்னால் மற்றவர்களும் எடுத்துக்கொண்டு, வெப்பத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டார்கள். முதலில் இறங்கியவர் கட்டணம் கட்டினார்.

அமைதி என்கிற சரக்கு

இந்த வகுப்பில் வாங்குகிறவர் பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் முடிவெடுப்பதற்கு முதல் காரணம் அமைதி. அதைக் கட்டுவது வேகத்துக்கு வேகம் வேறு வேலை. சுமார் 50 கி.மீ. வரை இன்ஜினும் அதன் மவுண்டும். அதற்கு மேல் 100 வரை டயர். 110 தாண்டினால் காற்று. காற்றுச் சத்தத்தின் ஆற்றல் வேகத்தின் ஏறத்தாழ ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. 100-இல் இருந்து 130-க்குப் போனாலே கிட்டத்தட்ட 7 டெசிபல் கூடும். முன் தூணும் கண்ணாடியும் சேரும் மூலையில் வடிவம் கொஞ்சம் பிசகினாலும் வேகச்சாலையில் காதுக்குப் பக்கத்திலேயே தெரியும்.

டயருக்குள் அடைபட்ட காற்றுக்கும் ஒரு ரீங்காரம் உண்டு. சக்கரத்துக்குள் ஒரு சுற்றின் சராசரி நீளம் சுமார் 1.7 மீட்டர், ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது, வகுத்தால் 200 ஹெர்ட்ஸ். சொரசொரப்பான சாலையில் கேட்கும் அந்த ஊம் என்ற ஒலி இதுதான். அதைக் குடிக்க டயரின் உள்சுவரில் பாலியூரித்தேன் ஃபோம் பட்டை ஒட்டி விற்கிறார்கள். முதல் டயர் தேய்ந்து, ஃபோம் இல்லாத சாதா டயர் போட்டதும் வண்டி பழசாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மாறியது டயர் மட்டும். பஞ்சர் ஆனால் அந்த இடத்தில் ஃபோமை வெட்டி எடுத்து, பசையைச் சுத்தமாகச் சுரண்டி, பேட்ச் ஒட்டி, வெட்டிய துண்டை மறுபடி ஒட்ட வேண்டும். ஃபோம் மேலேயே பேட்ச் போட்டால் பிடிக்காது. பாட்டில் சீலன்ட்டை ஊற்றினால் ஃபோம் அதைக் குடித்து ஒரு பக்கம் கனத்து, ஸ்டியரிங்கில் உதறல் வரும்.

பக்கவாட்டுக் கண்ணாடியும் அப்படியே. இரண்டு மெல்லிய கண்ணாடிக்கு நடுவில் மென்மையான பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி, காற்றுச் சத்தத்தின் உயர் அதிர்வெண்களை நன்றாகத் தடுக்கும். ஒரு கண்ணாடி உடைந்து மலிவான டெம்பர்டு கண்ணாடி போட்டிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் சத்தம் கூடும். ஜன்னலைப் பாதி இறக்கி விளிம்பைப் பாருங்கள். இரண்டு கண்ணாடிக்கு நடுவே கோடு தெரிந்தால் லேமினேட்டட். கதவு சீலைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே பிடிமானம் இருக்க வேண்டும்; எங்கே வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே வேகச்சாலையில் சீட்டி அடிக்கும்.

மின்சார வண்டியில் இது சுலபமாகும் என்று தோன்றும். நடந்தது நேர்மாறு. இன்ஜின் ஒலி ஒரு போர்வையாக இருந்தது. அது போனதும் ஏசி கம்ப்ரஸர், தண்ணீர் பம்ப், சீட் மோட்டார், பிளாஸ்டிக் உரசல் எல்லாமே காதில் விழுகின்றன. இதுவரை யாரும் கவனிக்காத சின்னப் பாகங்களுக்கெல்லாம் சத்த வரம்பு எழுதிச் சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பின் சீட்டும், மின்சாரத்தின் இரண்டு பாதைகளும்

வீல்பேஸ் என்பது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள தூரம். நீள எஸ் கிளாஸில் அது 3,216 மி.மீ., இப்போதைய 7 சீரிஸ் 3,215, ஏ8 எல் 3,128, லெக்ஸஸ் எல்எஸ் 500 3,125. முதல் இரண்டும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் நிற்பது தற்செயலாகத் தெரியவில்லை. சீனாவில் இந்த வண்டிகளை ஓட்டுநர் வைத்து ஓட்டுகிறவர்கள் அதிகம் என்பதால், அங்கே ஒரு படி கீழே இருக்கும் 5 சீரிஸும் இ கிளாஸும் ஏ6-உம் கூட நீட்டித்த உடலோடு விற்கின்றன. நீளம் கூடினால் திரும்பும் வட்டம் பெரிதாகும்; அதற்காகத்தான் பின் சக்கரத் திருப்பம். எஸ் கிளாஸில் அது விருப்பத் தேர்வாக 10 டிகிரி வரை போகிறது, திரும்பும் வட்டம் 2 மீட்டர் அளவுக்குச் சுருங்கி 11 மீட்டருக்குள் வருகிறது. அகலமான பெரிய டயரைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கோணம் கிடைக்காது, பாதியாகிவிடும். பளபளக்கும் ரிம்முக்காக நகருக்குள் தினமும் உதவும் ஒரு வசதியை விட்டுக்கொடுக்கிறோம் என்று பலருக்கு ஷோரூமில் யாரும் சொல்வதில்லை.

மின்சார செடானில் மெர்சிடிஸும் பிஎம்டபிள்யூவும் எதிரெதிர் முடிவெடுத்தன. இதை நிறைய யோசிக்க வேண்டும். மெர்சிடிஸ் 2021-இல் இக்யூஎஸ்-ஐத் தனி பிளாட்ஃபார்மில், வில் போல வளைந்த கூரையோடு கட்டியது. காற்று எதிர்ப்பு 0.20, தொடர் உற்பத்திக் கார்களில் அன்று மிகக் குறைந்த எண்களில் ஒன்று. ஐரோப்பிய அளவுமுறையில் ஏறத்தாழ 770 கி.மீ. தூரம். ஆனால் பேட்டரி தரைக்கடியில் இருக்கிறது, கூரை பின்னால் தாழ்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது பின் சீட்டில் உட்கார்பவர். தரை உயர்ந்து, சீட்டை உயர்த்த முடியாமல் போனால் முழங்கால் மேலே ஏறும், தொடை சீட்டை விட்டு எழும். ஒரு மணி நேரத்தில் இடுப்பு சொல்லும். வீல்பேஸ் 3,210 மி.மீ. இருந்தும் இதுதான் நிலை.

பிஎம்டபிள்யூ 2022-இல் பெட்ரோல் 7 சீரிஸையும் அதன் மின்சார வடிவமான ஐ7-ஐயும் ஒரே உடலில் கொண்டுவந்தது. 11 செ.மீ. உயரப் பேட்டரியைத் தரைக்கடியில் வைத்துவிட்டு கூரையையே தூக்கிவிட்டார்கள்: முந்தைய நீள 7 சீரிஸின் உயரம் 1,479 மி.மீ., இதன் உயரம் 1,544. முகம் பலருக்குப் பிடிக்கவில்லை, காற்று எதிர்ப்பும் கூடுதல், தூரம் 625 கி.மீ.-தான். ஆனால் பின் சீட்டில் கால் நீட்டி உட்காரலாம், 31.3 அங்குலத் திரை கூரையிலிருந்து இறங்குகிறது. ஓட்டமும் நேர்த்தியும் ஒருபுறம் இருக்க, இதில் இன்னொரு லாபம் உண்டு. மின்சார வண்டிக்குத் தேவை குறைந்தால் அதே தொழிற்சாலை வரிசையில் பெட்ரோல் வண்டியைக் கூட்டிக்கொள்ளலாம். தள்ளுபடி கொடுத்துத் தள்ள வேண்டிய அவசரம் குறைவு. தள்ளுபடி குறைந்தால் மீத மதிப்பு தாக்குப்பிடிக்கும். இக்யூஎஸ்-இன் பழைய வண்டி விலை வேகமாகச் சரிந்தது. 2024-இல் மெர்சிடிஸ் அதற்கு நின்ற நட்சத்திரத்தையும் குரோம் கிரில் கோடுகளையும் கொடுத்து எஸ் கிளாஸ் சாயலுக்கு இழுத்தது. இந்த வகுப்பில் பணம் கொடுப்பவர் செடானைச் செடானாகத்தான் பார்க்க விரும்புகிறார் என்பதைத் தாமதமாக ஏற்றுக்கொண்டதாகவே அதைப் படிக்க முடிகிறது.

பெயர்ப்பலகையின் எடை

வண்டி நன்றாக இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ஃபோக்ஸ்வாகன் ஃபேட்டன்தான் பதில். வெளியே 50 டிகிரி வெயிலில் 300 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்க ஓடினாலும் உள்ளே 22 டிகிரி இருக்க வேண்டும் என்று அன்றைய ஃபோக்ஸ்வாகன் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெக் நிபந்தனை வைத்ததாகச் சொல்வார்கள். டிரெஸ்டனில் கண்ணாடிச் சுவர்களோடு தொழிற்சாலை கட்டி, 2002 முதல் 2016 வரை செய்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 84,000. அமெரிக்காவில் சில வருடத்திலேயே பின்வாங்கினார்கள். பொறியியலில் குறை சொல்ல இடமில்லை. அந்தப் பெயர்ப்பலகையோடு அந்த விலைக்கு இரண்டாவது கையில் வாங்க ஆளில்லை. ஆகவே முதல் கையின் தவணை உயர்ந்தது.

மேபாக் இதன் மறுபக்கம். 2002-இல் தனி பிராண்டாக மேபாக் 57, 62 வந்து, பத்து ஆண்டில் மொத்தம் 3,000 அளவே விற்றது. 2014-இல் அதே பெயரை எஸ் கிளாஸில் ஒட்டி, வீல்பேஸை 20 செ.மீ. நீட்டி மெர்சிடிஸ்-மேபாக் என்று விற்றபோது ஓடத் தொடங்கியது. பாகங்கள், சர்வீஸ், பழைய வண்டிச் சந்தை எல்லாம் எஸ் கிளாஸோடு பகிர்வதால் வாங்குகிறவரின் பயம் குறைந்தது.

ஜெனசிஸ் 2015 நவம்பரில் ஹூண்டாயிலிருந்து பிரிந்து தனி பிராண்டானபோது இந்தச் சிக்கலை வாரன்ட்டியால் தாண்டப் பார்த்தது. அமெரிக்காவில் இன்ஜின், கியர்பாக்ஸுக்கு 10 வருடம் அல்லது 1,00,000 மைல். ஆனால் அது முழுதாக முதல் உரிமையாளருக்குத்தான். கம்பெனி சான்றளித்த பழைய வண்டியாக வாங்கினால் ஒழிய இரண்டாமவருக்குக் குறைந்துவிடும். மீத மதிப்பை நிர்ணயிப்பவர் இரண்டாமவர் என்பதால், அந்த வாக்குறுதியின் பலம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் பாதிதான் சேர்கிறது.

தானோட்டும் வசதியிலும் அறிவிப்புக்கும் கைக்குக் கிடைத்ததற்கும் இடைவெளி அதிகம். ஆடி ஏ8 2017-இல் மூன்றாம் நிலைத் தானியக்கத்தை, அதாவது சில சூழலில் ஓட்டுநர் சாலையைப் பார்க்காமலே இருக்கலாம் என்கிற வசதியை, அறிவித்தது. கடைசி வரை அதை இயக்கிக் கொடுக்கவே இல்லை. மெர்சிடிஸ் 2022-இல் ஜெர்மனியில் மணிக்கு 60 கி.மீ. வேகம் வரை அனுமதியோடு கொடுத்தது, பிஎம்டபிள்யூ 2024-இல் வந்தது. அமைப்பு இயங்கும் நேரத்தில் பொறுப்பு கம்பெனியிடம் போவதுதான் இதில் பெரிய மாற்றம். ஆனால் அன்று 60 கி.மீ. வரம்பில் நெரிசலான வேகச்சாலையில் மட்டும் பயன்பட்ட ஒன்றுக்கு, பழைய வண்டி வாங்குகிறவர் தனியாகப் பணம் தருவது கடினம்.

வாங்கப் போகிறவர் ஷோரூமில் செய்ய வேண்டியது சில உண்டு. ஒரே மாடலை இரண்டு ரிம் அளவில் ஓட்டிப் பாருங்கள். 255/50 ஆர்18 டயரின் பக்கச்சுவர் 127 மி.மீ.; 255/40 ஆர்20-இல் 102. அந்த 25 மி.மீ. காற்றும் ரப்பரும் செய்யும் வேலையை எந்த ஏர் சஸ்பென்ஷனும் முழுக்க ஈடுகட்டாது. சிறு பள்ளங்களில் டப் டப் என்று கேட்பது அங்கிருந்துதான். முன் சீட்டை ஓட்டுநருக்குச் சரியாக வைத்துவிட்டு, பின்னால் இருபது நிமிடமாவது உட்காருங்கள். தொடை சீட்டில் படிகிறதா பாருங்கள். கடைசியாக, லீஸ் தாளில் மீத மதிப்பைக் கேட்டு வாங்கி, அதே மாடலின் மூன்று வருடப் பழைய வண்டி இன்று விற்கும் விலையோடு சதவீதத்தில் ஒப்பிடுங்கள். தாளில் எண் அதிகமாக இருந்தால் கம்பெனி உங்களுக்குப் பணம் தருகிறது. லீஸாகவே எடுங்கள், முடிவில் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குறைவாக இருந்தால், லீஸ் முடியும்போது அந்த விலைக்கு நீங்களே வாங்கிக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வரி சில ஒப்பந்தங்களில் இருக்காது.